நாட்டுப்பண்ணுக்குப் பிறகு ஒரு பியானோ

இனிமேல் நம் பல்கலைக்கழகத்து விழாக்களை எல்லாம் வெளியிலிருந்து ஒரு ஈவென்ட் கம்பெனி நடத்தித் தரப் போகிறதாம். விழாப் பிரிவில் எனக்குப் பிறகு கண்காணிப்பாளராக வந்த தேன்மொழிதான் போனில் சொன்னார். "அந்தக் கம்பெனிப் பசங்க வந்து எது முன்னாடி, எது பின்னாடின்னு கேக்குறாங்க சார். நீங்க ஒரு தடவை எழுதிக் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்" என்றார். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். வரட்டும். பொன்னாடைக்கும் பூங்கொத்துக்கும் நடுவில் நான் பட்ட பாட்டை இனி அவர்களும் படட்டும்.

அந்தக் காலம் போல வருமா என்று நான் ஒப்பாரி வைக்கப் போகிறேன் என யாரும் பயப்பட வேண்டாம். விழா என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இன்றைக்கும் தலைவலி வரும். சொந்த அக்கா பேத்தி கல்யாணத்திலேயே வரவேற்பு மேடைப் பக்கம் போகாமல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வீட்டுக்கு வந்தவன் நான்.

என் ஊர் ஒரத்தநாட்டுக்குப் பக்கம். அப்பா குத்தகைக்கு நிலம் பார்த்தார். நான் பட்டப்படிப்பை முடித்து இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். தேர்வுப் பிரிவு, பண்டக அறை என்று மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு, யாரும் போக விரும்பாத விழாப் பிரிவில் கொண்டுபோய்த் தள்ளினார்கள். ஓய்வு பெறும் வரை என்னை அங்கிருந்து எடுக்க ஒருத்தருக்கும் மனம் வரவில்லை.

அப்போது அங்கே கண்காணிப்பாளர் மாசிலாமணி சார். குட்டையான மனிதர். வெள்ளை அரைக்கைச் சட்டை, அதன் பையில் எப்போதும் ஒரு தீப்பெட்டி. பீடி சிகரெட் பழக்கமெல்லாம் கிடையாது. தீப்பெட்டி குத்துவிளக்குக்காக. அவர் ஓடி நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்தியும் பார்த்ததில்லை. விழா நடக்கும்போது மேடைப் பக்கமே திரும்ப மாட்டார். பக்கவாட்டுக் கதவை ஒட்டி நின்றுகொண்டு, உட்கார்ந்திருக்கிறவர்களின் கால்களைப் பார்ப்பார். "கால் செருப்பைத் தேட ஆரம்பிச்சிட்டா பேச்சு முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம். பேசுறவருக்குத்தான் அது தெரியாது" என்பார்.

அவரிடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை இருந்தது. குத்துவிளக்குத் திரிகளை முன்னாடியே எண்ணெயில் ஊறப்போட்டு, ஒவ்வொரு திரியின் நுனியிலும் கிள்ளிய கற்பூரத்தை வைக்க வேண்டும். மெழுகுவர்த்தியைக் காட்டினதும் பற்றிக்கொள்ளும். பெரிய மனிதர் திரியோடு போராடுவதைப் போட்டோக்காரர் எடுக்கக் கூடாது. விளக்கேற்றும்போது மேலே மின்விசிறி ஓடக் கூடாது. பொன்னாடையை ஜரிகைக் கரை வெளியே தெரியும்படி மடித்து இடது முன்கையில் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மேடையில் எத்தனை பேரோ அதற்கு மேலே இரண்டு உபரியாக வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் அழைக்காத ஒருவர் கட்டாயம் ஏறுவார், அவரோடு இன்னொருவரும் ஏறுவார். இது எல்லாவற்றையும் நான் தப்பாமல் செய்தேன். செய்யும் ஒவ்வொரு முறையும் மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் செய்தேன்.

ஆனால் மாசிலாமணி சாரின் தலையாய சட்டம் வேறு. அந்தப் பிரிவுக்கு வந்த முதல் வாரத்திலேயே அதை எனக்குச் சொல்லிவிட்டார். "வாழ்த்துப் பாட்டுல ஆரம்பிக்குது, நாட்டுப்பண்ணுல முடியுது. நடுவுல நடக்குறதுதான் விழா. அதுக்கு முன்னாடி நடந்தா ஏற்பாடு. பின்னாடி நடந்தா டிபன்."

இதை அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு பட்டிமன்றம் முடிந்து நாட்டுப்பண்ணும் பாடியாகிவிட்டது. அப்போதைய துணைவேந்தருக்குத் திடீரென்று ஏதோ ஞாபகம் வந்து, மறுபடியும் ஒலிபெருக்கி முன்னால் போய் நின்றார். மாசிலாமணி சார் மெதுவாகப் போய்க் கை கட்டி நின்று, "அய்யா, விழா முடிஞ்சிருச்சுங்க. இப்ப பேசினீங்கன்னா அது உங்க சொந்தப் பேச்சுங்க" என்றார். துணைவேந்தர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இறங்கி வெளியே போய், சொல்ல நினைத்ததைக் காருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு டிரைவரிடம் முழுதாகச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். மாசிலாமணி சார் ஓய்வு பெற்றுச் சீர்காழிக்குப் போனபோது பையிலிருந்த தீப்பெட்டியை என்னிடம் கொடுத்தார். அந்தச் சட்டமும் அதோடு சேர்ந்து எனக்கு வந்துவிட்டது.

இப்போது பியானோவுக்கு வருகிறேன். தேன்மொழி கேட்டது ஒழுங்குமுறைதான், ஆனால் அந்த ஒழுங்குமுறை எங்கே போய் முட்டும் என்று சொல்லாமல் விட்டால் நான் எழுதி என்ன பயன்?

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி, தை மாதம், சம்பா அறுவடை நேரம். ஒலேனா என்ற பியானோ கலைஞரை எங்கள் இசைத்துறை அழைத்திருந்தது. உக்ரைனில் பிறந்தவர், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்கிறவர். முதல் பாதியில் அமெரிக்க இசையமைப்பாளர்கள், இரண்டாம் பாதியில் உக்ரைன் இசையமைப்பாளர்கள். கோப்பு பதிவாளர் மேசைக்குப் போனதும் அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "ஏன் கலியபெருமாள், பாட்டுக் கச்சேரிக்காரங்ககிட்ட கீபோர்டு இருக்குமே, அதை வச்சு ஒப்பேத்த முடியாதா?"

முடியாது என்று இசைத்துறைக்காரர்கள் தலையால் தண்ணி குடித்து அவருக்குப் புரியவைத்தார்கள். கடைசியில் வேளாங்கண்ணிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்திலிருந்து பியானோவை இரவல் வாங்கி, நெல் மூட்டை ஏற்றுகிற லாரியில் வைக்கோல் பரப்பி, அதன் மேல் கொண்டுவந்தோம். சுதி சேர்க்கச் சென்னையிலிருந்து ஆள் வந்தார். இறக்கி வைத்த லோடுமேன்களில் ஒருவர் பியானோவின் நெற்றியில், அதற்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், சந்தனம் வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டார். நான் துணியை எடுத்துக்கொண்டு துடைக்க ஓடினேன். ஒலேனா தடுத்து, இது எதற்கு என்று கேட்டார். புது டிராக்டர் வந்தாலும் வைப்போம் என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அப்படியானால் இருக்கட்டும் என்றார்.

விழாவுக்கு முதல் நாள் மாலை அவர் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, போனை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்ட் வேண்டும் என்று கேட்டார். வீடியோ எடுப்பதற்காக இருக்கும் என்று நினைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைப் பியானோவுக்குப் பக்கத்தில், தன் பக்கம் பார்க்காமல் நாற்காலிகளைப் பார்க்கும்படி வைத்தார். தப்பாக வைத்துவிட்டீர்கள் என்றேன். இல்லை என்று சொல்லி உட்கார்ந்து விவரம் சொன்னார்.

கடைசி உருப்படியை எழுதியவர் அவருடைய மரியா டீச்சர். உக்ரைனில் ஒரு சின்ன ஊரில், இசைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தே வயதானவர். எண்பதைத் தாண்டிவிட்டார். வாழ்நாளில் அவர் எழுதியது அந்த ஒன்றுதான். எழுதி முடித்தபோது விரல்கள் மூட்டு வாதத்தில் மடங்கிப் போய்விட்டன. ஊர் மண்டபத்தில் அரங்கேற்றலாம் என்று ஏற்பாடு செய்தார்கள், போர் வந்து அந்த மண்டபத்தின் கூரையே போய்விட்டது. ஒலேனா போனில் வாசித்துக் காட்டியிருக்கிறார், ஆனால் ஒரு கூட்டம் உட்கார்ந்து அதைக் கேட்டு டீச்சர் பார்த்ததில்லை. "என் கைகளை என் சிறு வயதிலிருந்தே அவர் பார்த்துச் சலித்துவிட்டார். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்" என்றார் ஒலேனா.

அதில் ஒரு சிக்கலும் இருந்தது. அந்த ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. நாளைக்கு நம் நேரப்படி ஏழு மணிக்குப் போய்விடும், கரண்ட் போனால் இன்டர்நெட்டும் போய்விடும் என்றார். அவர் அதை எனக்கு எப்படிப் புரியவைப்பது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கா புரியாது? பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் முறை வைத்து விடுகிற ஊரில் பிறந்தவன். கரண்ட் வருகிற நேரத்துக்குச் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வயலுக்கு ஓடுகிறவர்களை எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஏழு மணிக்குள் உங்கள் டீச்சர் கேட்டுவிடுவார். அது என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஐந்து மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் ஐந்தரைக்கும் மேலேதான் வந்தார். அவர் பெயர் வேண்டாம். கெட்ட மனிதரும் இல்லை. வழியெல்லாம் அறுவடை இயந்திரங்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகின்றன என்றார், அது உண்மையாகத்தான் இருக்கும். அவர் வரும் வரை தொடங்க முடியாது. ஒலேனா பக்கத்து அறையில், ஏ.சி. குளிருக்கு வெந்நீர்க் குடுவையில் கையை வைத்துச் சூடாக்கிக்கொண்டு காத்திருந்தார். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை பஸ் வைத்துக் கொண்டுவந்து பின் வரிசைகளை நிரப்பியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் சிறப்பு விருந்தினர் ஆள் உயரத்துக்குச் சிரித்தார், ஒலேனா பாஸ்போர்ட் போட்டோ அளவுக்கு ஒரு மூலையில் இருந்தார்.

வாழ்த்துப் பாட்டு. விளக்கு. கற்பூரம் என்னைக் கைவிடவில்லை. பிறகு பொன்னாடை. போர்த்தியவருக்குப் போர்த்தி, போர்த்தப்பட்டவர் திருப்பிப் போர்த்தி, முடியவே இல்லை. அந்தப் பொன்னாடைகளையும் பூங்கொத்துகளையும் எங்கே வைப்பது? பளபளவென்று கறுப்பாக, அகலமாக, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு மேசை நிற்கிறதே, அதன் மேல்தான். நான் எடுப்பேன், அடுத்தவர் வைப்பார். ஒரு கட்டத்தில் தண்ணீர் பாட்டிலே வந்துவிட்டது. பியானோவின் சந்தனப் பொட்டைப் பார்த்து யாரோ ஒரு முழம் மல்லிகைச் சரத்தையும் சாத்திவிட்டுப் போனார்கள்.

வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள். நான் மாசிலாமணி சார் போலக் கதவோரம் நின்று கால்களைப் பார்த்தேன். வாழ்த்துரையிலேயே எல்லாரும் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டார்கள். பிறகு சிறப்பு விருந்தினர் பேசினார். நெல் கொள்முதலில் ஈரப்பதம் பார்ப்பதில் உள்ள சங்கடங்களை விளக்கினார். அதிலிருந்து உக்ரைனுக்கு வர ஒரு வழி வேண்டும் அல்லவா, சூரியகாந்தி எண்ணெய் விலை எப்படி ஏறியது என்று சொல்லி அந்த வழியாக வந்து சேர்ந்தார். கைதட்டல் பலமாக இருந்தது. ஒலேனாவும் ஒன்றும் புரியாமல் எல்லாரோடும் சேர்ந்து தட்டினார்.

ஒருவழியாக அமெரிக்கப் பாதி தொடங்கியது. ஓட்டுக் கூரையில் தூறல் விழுவது போல ஒன்று வாசித்தார். துள்ளலாக ஒன்று வாசித்தபோது பின்வரிசை மாணவர்கள் விசிலடித்தார்கள். நடுவில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் கைதட்டினார்கள், அவர் கோபிக்கவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு கச்சேரி ரசிகர் தொடையில் தாளம் போட்டுப் பார்த்துவிட்டு, "தாளம் எங்க ஆரம்பிக்குது, எங்க சமம்னே பிடிபடலீங்களே" என்று வருத்தப்பட்டார். அந்தப் பாதி முடிந்தபோது இன்னும் நேரம் இருந்தது. இடைவேளை வேண்டாம், நேராக டீச்சரின் உருப்படியை முதலில் வாசித்துவிடுங்கள் என்று மேடையோரம் போய் ஒலேனாவிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனை அழுத்தினார். திரையில் சாம்பல் நிற வெளிச்சத்தில், வீட்டுக்குள்ளேயே கனத்த கோட்டு போட்டுக்கொண்டு, தலையில் துணி கட்டிய ஒரு அம்மா மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் கிசுகிசுப்பு. சிறப்பு விருந்தினருக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு காதணி விழாவுக்குப் போக வேண்டும். பதிவாளர் என்னைக் கூப்பிட்டார்.

"அய்யா கிளம்புறாங்களாம். நன்றியுரையைச் சொல்லி நாட்டுப்பண்ணைப் போட்டுருங்க."

"சார், இன்னும் பாதி இருக்கு சார். அய்யா கிளம்பட்டும், நாம தொடர்ந்து நடத்திக்கலாம்."

அதற்குச் சிறப்பு விருந்தினரே பதில் சொன்னார், ரொம்பப் பணிவாக. "இல்லீங்க, நாட்டுப்பண் பாடாம நடுவுல எந்திரிச்சுப் போனா அது மரியாதை இல்லீங்க. அதை மட்டும் போட்டுட்டீங்கன்னா நான் கிளம்பிருவேன். அம்மா அப்புறம் நிதானமா வாசிக்கட்டும்."

"அதான், ரெண்டு நிமிஷ வேலை" என்றார் பதிவாளர்.

மரியாதை தெரிந்தவர்களிடம் மாட்டிக்கொண்டால் இதுதான் கதி. மரியாதை தெரியாத ஆளாக இருந்திருந்தால் சத்தமில்லாமல் எழுந்து போயிருப்பார், எல்லாம் நன்றாக நடந்திருக்கும். நான் மறுபடியும் வாயைத் திறப்பதற்குள் ஒருவர் நன்றியுரையைத் தொடங்கிவிட்டார், ஒலிபெருக்கி செல்வராசு நாட்டுப்பண்ணைப் போட்டுவிட்டார். எல்லாரும் நின்றோம். ஒலேனாவும் பியானோ பக்கத்தில் நேராக நின்றார்.

அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று அந்த அரங்கத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. பாட்டு நின்றதும் கதவுகள் திறந்தன. வாசல் வராந்தாவில் டிபன் மேசை விரிப்பை எடுத்தார்கள். நாட்டுப்பண் முடியாமல் டிபன் கொடுக்கக் கூடாது, முடிந்தால் நிறுத்தக் கூடாது, அதுவும் எங்கள் முறைதான். எலக்ட்ரீஷியன் மேடை விளக்கை அணைத்தார். செல்வராசு ஒயரைச் சுருட்டத் தொடங்கினார். மாணவர்கள் கேசரிக்கும் போண்டாவுக்கும் ஓடினார்கள். விருந்தினர் கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறினார். இவர்களில் ஒருவர் மேலும் குற்றமில்லை. முப்பது வருஷமாக இதை அவர்களுக்குப் பழக்கியது எங்கள் பிரிவுதான்.

ஒலேனா மட்டும் சிரித்த முகத்தோடு மறுபடி பியானோ முன்னால் உட்கார்ந்தார். இடைவேளை என்று நினைத்திருக்கிறார். போன் கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதில் அந்தம்மா முன்னால் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, வெளியே போகிற முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. சிறப்பு விருந்தினர் மேல், பதிவாளர் மேல், மாசிலாமணி சார் மேல், பையில் இருந்த தீப்பெட்டி மேல்கூட வந்தது.

பதிவாளரிடம் ஓடினேன். நான் ஓடியதை அன்றைக்குத்தான் அவர் முதல்முதலாகப் பார்த்தார். வராந்தாவில் கேசரிக் கிண்ணத்தோடு நின்றார்.

"சார், கூட்டத்தை உள்ள வரச் சொல்லுங்க சார். உக்ரைன்ல அவங்க டீச்சரம்மா போன்ல காத்துக்கிட்டிருக்காங்க. ஏழு மணிக்கு அங்க கரண்ட் போயிரும்."

"விழாதான் முடிஞ்சிருச்சே கலியபெருமாள். சாப்புடுறவங்களை எப்படிக் கூப்புடுறது? வாசிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்பிடச் சொல்லுங்க."

"பாட்டைக் கேக்க இல்ல சார். கேக்குறவங்களைப் பாக்கணுமாம்."

"முடிஞ்ச விழாவுக்கு நான் எப்படிய்யா கூட்டம் சேர்க்கிறது?"

அவர் சொன்னது சரி. முடிந்த விழாவைத் தொடர முடியாது. எனக்கு அந்தச் சட்டத்தை அவர் சொல்லித் தர வேண்டியதில்லை. முடிந்த விழாவைத் தொடர முடியாது, ஆனால் இன்னொரு விழாவைத் தொடங்கலாம் அல்லவா? அது எனக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டால் தெரியாது. எரிச்சலில் தோன்றியதுதான். ஒலிபெருக்கி இல்லை, செல்வராசு எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுவிட்டார். நான் அரங்க வாசலில், டிபன் மேசைக்கு எதிரே நிமிர்ந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, வாழ்த்துப் பாட்டைப் பாடத் தொடங்கினேன்.

எனக்குப் பாட வராது. எடுத்த எடுப்பிலேயே சுதி உச்சிக்குப் போய்விட்டது, இறக்கவும் வழி தெரியவில்லை. ஆனால் முதல் அடி முடிவதற்குள் வராந்தா நின்றுவிட்டது. போண்டாவைக் கடித்தவர் கடித்த வாயோடு நின்றார். கரண்டியில் கேசரியோடு பரிமாறுகிறவர் நின்றார். பஸ் படியில் ஒரு கால் வைத்த மாணவர்கள் இறங்கி நின்றார்கள். பதிவாளர் என்னைத் தடுக்கத்தான் வந்தார், பாதி வழியில் கிண்ணத்தைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு விறைப்பாக நின்றுவிட்டார். அந்தப் பாட்டு முடியும் வரை என்னை யாரும் ஒன்றும் கேட்க முடியாது. இரண்டாவது அடியில் இசைத்துறைப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டு சுதியைக் கீழே கொண்டுவந்து என்னைக் காப்பாற்றினார்கள்.

முடிந்ததும் மூச்சு விடாமல் அறிவித்தேன். "இசைத்துறை நடத்தும் உக்ரைன் பியானோ இசை விழா இனிதே தொடங்குகிறது. அவையோர் அமருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

முதலில் உள்ளே போனவர் சமம் பிடிபடாத அந்த ரசிகர். "என்ன கூத்துடா இது" என்று முணுமுணுத்துக்கொண்டே மற்றவர்களும் வந்தார்கள். எல்லாரும் வரவில்லை, ஒரு பஸ் போயேவிட்டது. வந்தவர்களை முன்னால் தள்ளினேன். "முன்னாடி வாங்க, சோபாவுல உக்காருங்க, பரவால்ல உக்காருங்க." பெரிய மனிதர்களுக்குப் போட்ட வெல்வெட் சோபாக்களில் மாணவர்களும், கார் டிரைவர்களும், துப்புரவுப் பணிப்பெண்களும், டிபன் பரிமாறியவரும் உட்கார்ந்தார்கள். பதிவாளர் என் பக்கத்தில் வந்து, "உனக்கு ஓய்வூதியம் வாங்குற எண்ணம் இருக்கா இல்லையா?" என்று காதோரம் கேட்டுவிட்டு, இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தார்.

மேடை விளக்கைப் போடச் சொல்ல ஏறியபோது போனைப் பார்த்தேன். அந்தம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தார். நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நேராக. ஒலேனாவும் நின்றிருந்தார். "வெளியே எல்லாரும் நிற்கிறார்கள் என்றேன், அவரும் எழுந்துவிட்டார். இப்போது உட்காரலாமா என்று கேட்கிறார்" என்றார். உட்காரச் சொல்லுங்கள் என்றேன்.

எனக்கு இசை தெரியாது. அந்த உருப்படியைப் பற்றி எழுதத் தகுதியும் இல்லை. இடது கையில் ஒவ்வொரு சுரமாகத் தொடங்கியது. முறைத் தண்ணீர் விட்ட அன்று, காய்ந்து கிடக்கும் கடைமடை வாய்க்காலுக்கு அது வந்து சேருவது போல, நின்று நின்று வந்தது. நடுவில் ஓர் இடத்தில் அவர் கையைத் தூக்கிவிட்டார். எங்கள் ஆட்கள் நிறுத்தத்தைக் கண்டால் கைதட்டுவார்களே என்று பயந்து நான் கையை உயர்த்தித் தடுக்கப் போனேன். தேவைப்படவில்லை. போண்டாப் பொட்டலத்தின் காகிதம்கூடச் சரசரக்கவில்லை. அந்தம்மா ஒலேனாவைப் பார்க்கவே இல்லை. அவர் கண் வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகமாகப் போய்க்கொண்டிருந்தது. நானும் முதல்முதலாகக் கால்களை விட்டுவிட்டு முகங்களைப் பார்த்தேன்.

கடைசிச் சுரம் அடங்கியது. கூட்டம் எழுந்து தட்டியது, யாரும் எழச் சொல்லவில்லை. அந்தம்மா மடங்கிய விரல்களோடு கையை மெல்லத் தூக்கினார். அதோடு திரை கறுத்துவிட்டது.

ஒலேனா மீதி இரண்டு உருப்படிகளையும் வாசித்தார். யாரும் போகவில்லை. முடிந்ததும் பதிவாளர் திரும்பி, "நாட்டுப்பண் போட்டு முடிச்சிரலாமா?" என்று கேட்டார். முடித்துத்தான் ஆக வேண்டும், மாசிலாமணி சாராக இருந்தால் முடித்திருப்பார். நான் "வேணாம் சார்" என்றேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. எல்லாரும் ஆறிய டிபனைத் தேடி வெளியே போனார்கள்.

மறுநாள் மெமோ வந்தது. ஒரே நாளில், ஒரே அரங்கில், அனுமதியின்றி இரண்டாவது விழா தொடங்கியது ஏன், தொடங்கிய விழாவை முறைப்படி முடிக்காதது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டவரே அதை என் மேசைக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "நல்லாத்தான்யா இருந்துச்சு. ஆனா மெமோ குடுக்காம இருக்க முடியாதுல்ல" என்றார் பதிவாளர். முடியாதுதான். அவருக்கும் ஒரு முறை இருக்கிறதே.

ஒலேனா அவ்வப்போது எனக்குச் செய்தி அனுப்புவார். கரண்ட் போவதற்கு முன் எல்லாரும் எழுந்ததை டீச்சர் பார்த்துவிட்டாராம். எழுந்தவர்கள் அப்புறம் என்ன செய்தார்கள் என்று தெரியாமல் திரை அணைந்துவிட்டதால், அவருக்கு அது ஒரு குறை. போனில் பேசும்போதெல்லாம் கேட்கிறாராம், அந்தக் கூட்டத்தார் வீட்டுக்குப் போய்விட்டார்களா என்று. ஒலேனா என்ன சொல்வது என்று என்னைக் கேட்டார். போகவில்லை, விழா இன்னும் முடியவில்லை என்று சொல்லுங்கள் என்று எழுதினேன். அது பொய் இல்லை.

அதனால் தேன்மொழி, அந்தக் கம்பெனிக்காரர்களுக்குக் கற்பூரம் வைப்பதைச் சொல்லிக்கொடுங்கள், உபரிப் பொன்னாடை இரண்டைச் சொல்லுங்கள், பியானோ மேல் தண்ணீர் பாட்டில் வைக்க விடாதீர்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த ஒழுங்குமுறை. நம் அரங்கத்தில் தை மாதத்தில் தொடங்கிய ஒரு விழா அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. அதை மட்டும் யாரும் முடித்து வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கம்மா.